நைனாவின் மூளையை நான் வரைந்த இரவு

என் மடிக்கணினியில் ஒரு கோப்பு இருக்கிறது. திறந்தால் நைனாவின், என் அப்பாவின், மூளை. இளஞ்சிவப்பு நிறம், இடப்பக்கமிருந்து விழும் வெளிச்சம், மடிப்புகளுக்கு நடுவே மெல்லிய நிழல். சுட்டியால் இழுத்தால் சுழலும். மூன்று வருடங்களாக அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அது அத்தனை அழகாக அமைந்துவிட்டதுதான் எனக்கு உறுத்தல். ஸ்கேன் படங்களிலிருந்து மூளையின் முப்பரிமாண உருவத்தை எழுப்பும் மென்பொருளில் வேலை செய்கிறவள் நான். பத்து வருடங்களாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆயினும் அந்த ஒரு படத்தைப் பற்றி எனக்குள் நடக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை. எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

நைனா 28 வருடம் கடலுக்குப் போனவர். முழங்கால் தேய்ந்த பிறகு கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கத் தொடங்கினார். காசிமேட்டில் அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக் கட்டிக் கிடக்கும். ஒரு பக்கம் சாயம் பூசுவார்கள், இன்னொரு பக்கம் எந்திரத்தைக் கழற்றுவார்கள். ஒரு வருடத்துக் கிழிசல் முழுவதும் நைனாவைப் போன்றவர்களின் மடியில் வந்து குவிவதும் அப்போதுதான். அப்படி ஒரு மே மாதத்துக் காலையில் அவர் கையிலிருந்து வலை ஊசி நழுவியது. எடுத்தார், மறுபடி நழுவியது. மூன்றாவது முறை விழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்க, நைனா சொன்ன பதில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுவதைப் போல வந்ததாம். அம்மா எனக்குப் போன் செய்தாள். நான் அலுவலகத்தில், நகரத்தின் மறுகோடியில் இருந்தேன். "வெயிலாக இருக்கும், இளநீர் கொடு, படுக்கச் சொல்" என்றேன்.

பக்கவாதம் வந்தால், மூளையின் ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் உண்டு. அது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஒவ்வொரு நாளும் பக்கவாத நோயாளிகளின் படங்களைத் திரையில் வைத்துச் சுழற்றுகிறவள்தான் இளநீர் கொடுக்கச் சொன்னாள். மாலையில் வீடு திரும்பி அவர் முகத்தைப் பார்த்த பிறகு ஆட்டோவில் ஏற்றினேன். அதற்குள் பத்து மணி நேரம் போயிருந்தது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சின்ன அடைப்புதான், உயிருக்கு ஆபத்தில்லை, மாத்திரையை விடக் கூடாது, கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்கள். பிலிம் ஒரு உறையில், சிடி ஒரு உறையில். அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு சிடியைத் திறந்தேன். அவருக்காக நான் செய்யத் தவறியதை, எனக்குக் கைவந்த ஒரே வேலையால் ஈடுகட்டிவிடலாம் என்று எண்ணியிருக்க வேண்டும்.

ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு படம்

அந்த இரவு செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். எந்தப் படியும் தொழில் முறைப்படி தவறானது அல்ல. அதனால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. எடுப்பது புகைப்படம் அல்ல. உடம்பின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் தட்டி எழுப்பி, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞையைக் கணக்குப் போட்டுப் படமாக்குகிறார்கள். ஒரே தலையைப் பல விதமாக விசாரிக்கலாம், ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு படத் தொடர் கிடைக்கும். டி1 என்ற தொடர் மூளையின் சாம்பல் பகுதியையும் வெண்பகுதியையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும். டிஃப்யூஷன் என்ற தொடர், தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று பார்க்கும். ரத்தம் கிடைக்காமல் செல்கள் வீங்கும் இடத்தில் தண்ணீரின் நடமாட்டம் முடங்கிவிடும், அந்த இடம் வெள்ளையாக ஒளிரும். புதிய பக்கவாதத்துக்கு அதுதான் முதல் சாட்சி. ஆனால் அந்தத் தொடரின் படங்கள் கரடுமுரடானவை, கட்டம் கட்டமாகத் தெரியும், மூக்கின் காற்றறைகளை ஒட்டிய இடங்களில் இழுபட்டுக் கோணிக்கொள்ளும். மேற்பரப்பை எழுப்புவதற்கு டி1தான் உகந்தது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டி1 தொடரை எடுத்துக்கொண்டேன். டிஃப்யூஷன் தொடரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

டி1 தொடரில் 22 படங்கள். ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர் தடிமன், அடுத்ததற்கு முன் 1 மில்லிமீட்டர் இடைவெளி. அதாவது ஆறு மில்லிமீட்டருக்கு ஒரு படம். வழக்கமான பரிசோதனைக்கு இது போதும், மருத்துவர்கள் இதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். உருவம் எழுப்ப இது போதாது, படிக்கட்டு படிக்கட்டாக வந்து நிற்கும். எனவே மில்லிமீட்டருக்கு ஒரு படம் வேண்டும் என்று கணினியிடம் கேட்டேன். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் பார்த்து, நடுவில் இருக்கக்கூடியதை அது நிரப்பியது. 22 படம் 127 படமானது. 105 படங்கள் நைனாவின் தலையிலிருந்து வந்தவை அல்ல.

அடுத்தது மேற்பரப்பு. 1987-இல் லாரன்சனும் கிளைனும் வெளியிட்ட முறையின் வாரிசுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். படத் தொடர் முழுவதையும் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றின் எட்டு மூலைகளும் மூளைக்கு உள்ளே இருக்கின்றனவா, வெளியே இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். எட்டு மூலைக்கு 256 விடைகள். ஒவ்வொரு விடைக்கும் எந்த முக்கோணங்களை வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் இருக்கிறது. எது உள், எது வெளி என்பதற்கு ஒரு எண் தேவை. இந்தச் சாம்பல் அளவுக்கு மேல் மூளை, கீழே வேறு என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அன்று அந்த எண்ணைச் சொன்னது நான். எண்ணைக் கொஞ்சம் ஏற்றினால் மூளை ஒல்லியாகும், இறக்கினால் பருக்கும். நடுவில் எங்கோ கண்ணுக்கு நிறைவாக இருந்த இடத்தில் நிறுத்தினேன். லட்சக்கணக்கான முக்கோணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எழுந்தன. எங்கள் தொழிலில் இதை மெஷ் என்கிறோம். தமிழில் வலை. வலைக்காரரின் தலையை வலையாக்கியிருக்கிறேன் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மழமழப்பாக்கினேன். வலையின் ஒவ்வொரு முடிச்சையும் அதன் அண்டை முடிச்சுகளின் சராசரி இடத்துக்குக் கொஞ்சம் நகர்த்தினால் கரடு மறையும். கூடவே சின்ன மேடுகளும் குறுகிய பள்ளங்களும் மறையும். நைனாவுக்கு அப்போது 64 வயது. வயதானால் மூளையின் பள்ளங்கள் அகலும். நான் பத்துத் தடவை மழமழப்பாக்கியதில் அந்த அகலம் குறைந்து, இளைஞனின் மூளை போல நிறைந்து நின்றது.

கடைசியாகப் பெயர்கள். எந்த மடிப்பு எதற்கு என்று குறிக்க, நைனாவின் மூளையை ஒரு மாதிரி மூளையோடு பொருத்தி, மாதிரியில் இருக்கும் பெயர்களை இங்கே கொண்டுவர வேண்டும். நான் பயன்படுத்தியது உலகெங்கும் புழங்கும் மான்ட்ரியல் மாதிரி, 152 பேரின் ஸ்கேன்களைச் சராசரியாக்கிச் செய்தது. இதற்கு முன்னால் ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் நம்பியிருந்த தாலெய்ராக் அட்லஸ், 1988-இல் வந்தது, 60 வயதுப் பிரெஞ்சுப் பெண் ஒருவரின் மூளையை அடிப்படையாகக் கொண்டது. இந்தியர்களுக்கென்று ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2019-இல் 100 பேரின் ஸ்கேன்களிலிருந்து ஒரு மாதிரியை உருவாக்கியது. மேலை நாட்டு மாதிரிகளைவிட அது அளவில் சிறியது. அதைப் பயன்படுத்தியிருந்தாலும் அது 100 பேரின் சராசரிதான். வலது கையை இயக்கும் இடத்துக்கு மஞ்சள் பூசினேன். விடிவதற்குள் முடிந்துவிட்டது. அத்தனை நல்ல படத்தை அதுவரை நான் செய்ததில்லை.

மஞ்சள் பூசிய இடம்

காலையில் நைனா வாசலில் உட்கார்ந்திருந்தார். மடிக்கணினியை அவர் மடியில் வைத்து, "நைனா, இது உன் மூளை" என்றேன். வெகுநேரம் பார்த்தார். இடது கையால் மெதுவாகச் சுழற்றினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் காட்டிவிட்டுக் காத்திருந்த அதே மகளாக.

"இது என்ன மஞ்சள்?"

"உன் வலது கையை அசைக்கிற இடம்."

கண்ணைச் சுருக்கி அருகில் போய்ப் பார்த்தார். கிழிசல் தேடும்போது வலையை அப்படித்தான் பார்ப்பார். "ஓட்டை ஒன்றும் இல்லையே, கண்ணு" என்றார். நான் ஏதோ விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் ஏறவில்லை. "கையின் இடம் நன்றாகத்தானே இருக்கிறது. அப்படியானால் ஊசி ஏன் நிற்கவில்லை?" என்று கேட்டுவிட்டு, சிறிது நேரம் கழித்துத் தனக்குத்தானே சொல்வது போல, "நான்தான் முயற்சி செய்யவில்லை போலிருக்கிறது" என்றார்.

அந்த வாக்கியம்தான் மூன்று வருடங்களாக என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அடுத்த இரண்டு நாள் அவர் யார் சொல்லையும் கேட்கவில்லை. வலையையும் ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே கிடந்தார். ஊசி விழும், எடுப்பார், விழும். அம்மா திட்டினாள், தம்பி கெஞ்சினான். "மூளையில் ஒன்றும் இல்லை, என் மகளே படம் போட்டுக் காட்டினாள்" என்று தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நோய் இல்லாத மூளையை நான் அவருக்குக் காட்டியிருந்தேன். அதை நம்பி, நோயாளியாக இருப்பதற்கான உரிமையையே அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். இரண்டாம் நாள் இரவு அவர் விரல்கள் வீங்கியிருந்தன.

மறுபரிசோதனைக்குப் போனோம். என் மகளின் வயதல்ல, என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள், ஒரு மருத்துவர் உறையிலிருந்து பிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். என் படம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. பேனா முனையால் ஒரு கட்டத்தைத் தொட்டு, "ஐயா, இந்த வெள்ளைப் புள்ளி தெரிகிறதா?" என்றாள். டிஃப்யூஷன் தொடர். நான் திறந்து பார்த்துவிட்டு, பார்க்க நன்றாக இல்லை என்று மூடிய அதே தொடர். ஒரு கட்டத்தில் பளிச்சென்றும் அடுத்த கட்டத்தில் மங்கலாகவும் இருந்தது. "பாசிப்பயறு மாதிரி இருக்கிறதே" என்றார் நைனா. "இவ்வளவுதானா?"

பாசிப்பயறு போதும், அது விழும் இடத்தைப் பொறுத்தது. மேற்பரப்பில் கைக்கு ஓர் இடம், முகத்துக்கு ஓர் இடம், நாக்குக்கு ஓர் இடம் என்று பரந்து கிடப்பவற்றிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் எல்லாம் மூளையின் ஆழத்தில் ஒரு குறுகலான பட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு கீழே போகின்றன. மருத்துவர்கள் அதை இன்டர்னல் கேப்ஸ்யூல் என்பார்கள். அந்த வழியில் ரத்தம் கொண்டு போகும் மெல்லிய தமனி ஒன்று அடைத்தால், சில மில்லிமீட்டர் சேதத்திலேயே கை தடுமாறும், பேச்சு குழறும். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, "நம் துறைமுகத்தின் வாயை நினைத்துப் பார், நைனா. உள்ளே எத்தனை படகு நின்றாலும்…" என்று தொடங்கினேன். அவர் முடித்தார். "வாயில் ஒரு படகு கவிழ்ந்தால் போதும், ஒன்றும் வெளியே போக முடியாது." பிறகு வழியெல்லாம் பேசவில்லை. கல்மண்டபத்தில் இறங்கும்போது, "அப்படியானால் கை சோம்பேறி இல்லை" என்றார். அவருக்கு எத்தனை பாரம் இறங்கியதோ, அத்தனையும் என் மேல் ஏறியது.

வேறு நூல்

அந்த வாரமே மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை எதையும் நிரப்பவில்லை. 22 படங்களையும் கொடியில் காயப்போட்டது போல வரிசையாகத் தொங்கவிட்டேன், நடுவில் வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தது. டிஃப்யூஷனில் ஒளிர்ந்த கட்டங்களை அவற்றின் இடத்தில் சிவப்பாக வைத்தேன். மழமழப்பாக்காமல், மூலை தெரிகிற செங்கல்களாகவே விட்டேன். பார்க்கச் சகிக்காத படம். நைனாவிடம் காட்டினேன்.

"நடுவில் ஏன் காலியாக இருக்கிறது?"

"அங்கே படம் எடுக்கவில்லை."

"அன்றைக்குக் காட்டியதில் காலி இல்லையே?"

"நான் நிரப்பினேன்."

"எதை வைத்து?"

"மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் பார்த்து."

அவர் தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் நிரப்புவேன். சுற்றி இருக்கிற வலைக்கண் எப்படி இருக்கிறதோ அப்படி. ஆனால் வேறு நூல் போடுவேன்."

பச்சை வலையில் நீல நூல், நீல வலையில் வெள்ளை. சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன். கையில் கிடைத்த நூலைப் போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன், பல நேரம் காரணம் அதுவாகவும் இருக்கும். ஆனால் நைனா வேண்டுமென்றே செய்வாராம். வலை நிறைந்து, மேலே இழுக்கும்போது, இழுக்கிறவனுக்கு ஒட்டுப்போட்ட இடம் எது என்று தெரிய வேண்டும். பாரம் அங்கே விழுந்தால் அவன் கண் அங்கே இருக்க வேண்டும். ஒரே நிறத்தில் போட்டால் வலை புதிது போல இருக்கும், விற்கிறவனுக்கு நல்லது, கடலுக்குப் போகிறவனுக்கு நல்லதல்ல. இதை அவர் எனக்குப் பாடமாகச் சொல்லவில்லை. கேட்டேன், தன் வேலையைப் பற்றிச் சொன்னார்.

அதற்குப் பிறகு என் துறையில் வரும் ஒவ்வொரு படத்தையும், எது அசல் கண், எது ஒட்டு என்று தேடித்தான் பார்க்கிறேன். ‘பிக்பிரெய்ன்’ என்ற பேருழைப்பு ஒன்று உண்டு. ஜெர்மனியின் யூலிஷில் காத்ரின் அமுன்ட்ஸ் குழுவினரும் மான்ட்ரியலில் ஆலன் எவன்ஸ் குழுவினரும் சேர்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். 65 வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையை 20 மைக்ரோமீட்டர் தடிமனில் 7,404 சீவல்களாக வெட்டி, சாயமிட்டு, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து திரும்ப அடுக்கினார்கள். நைனாவின் படங்களின் தடிமனில் இது 250-இல் ஒரு பங்கு. அத்தனை மெல்லிய சீவல் வெட்டும்போதே கிழியும், மடியும், சுருங்கும். கிழிந்த இடங்களைக் கணினியில் பழுது பார்த்த பிறகுதான் அந்த மூளை முழுமையானது. பழுது பார்த்தோம் என்று அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது அவர்கள் மேல் எனக்கு வந்த மரியாதை, மூளையின் அழகைப் பார்த்து வந்ததைவிடப் பெரியது.

நம் ஊரிலேயே ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’யை வெளியிட்டது. கருவிலிருக்கும் சிசுவின் மூளை, 5,132 சீவல்கள், செல் அளவுக்கு நுணுக்கம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். அடையாற்றில் இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை நைனாவுக்குக் காட்டியபோது சீவல்களைத்தான் ரசித்தார். வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறவர்களின் கையைப் பாராட்டுவது போல, "கத்தி நல்ல கத்தி" என்றார்.

இன்னும் நுணுக்கமாகப் போனால் இதுவரை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்பது புரியும். ஹார்வர்டின் ஜெஃப் லிக்ட்மன் குழுவும் கூகுளும் 2024-இல் ஒரு கன மில்லிமீட்டர் மனித மூளைப் புறணியை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் முழுவதுமாகப் படமெடுத்து வெளியிட்டார்கள். அந்த ஒரு கடுகளவில் ஏறக்குறைய 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள். தரவு 1.4 பெடாபைட், அதாவது 14 லட்சம் ஜிகாபைட். நைனாவின் தலையில் நான் இட்டு நிரப்பிய ஒவ்வொரு கன மில்லிமீட்டரும் அப்படிப்பட்ட ஒரு ஊர். அத்தனை பேர் குடியிருக்கும் இடத்தை, மேலே ஒரு சாம்பல், கீழே ஒரு சாம்பல், நடுவில் ஒரு சராசரிச் சாம்பல் என்று தீர்த்துவிட்டேன்.

என்னை மிகவும் கலங்க வைப்பவை நரம்புப் பாதைகளின் வண்ணப் படங்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டுநூல் குஞ்சம் போல மூளை விரிந்திருக்கும். சிவப்பு இடவலமாகப் போவது, பச்சை முன்பின்னாகப் போவது, நீலம் மேல்கீழாகப் போவது. நிறம் மூளையில் இல்லை, திசைக்கு நாம் வைத்த குறி அது. அந்த இழைகளையும் யாரும் பார்த்ததில்லை. சுமார் 2 மில்லிமீட்டர் கனசதுரம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் எந்தப் பக்கமாக அதிகம் நகர்கிறது என்று அளந்து, கனசதுரத்துக்குக் கனசதுரம் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு கணினி இழுக்கும் கோடுகள் அவை. காசிமேட்டில் நரம்பு என்றால் முதலில் நைலான் இழைதான். தூண்டிலுக்கு, வலைக்கு, தடிமன் எண் சொல்லி வாங்குவது. படத்தைப் பார்த்த நைனா, "இந்த நரம்பு எத்தனாம் எண்?" என்று கேட்டார். உண்மையான நரம்பிழை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்தது, படத்தில் இருக்கும் ஒரு கோட்டுக்குள் அவை லட்சக்கணக்கில் அடங்கும் என்றேன். "அப்படியானால் இது நரம்பு இல்லை, நரம்பு போகும் வழி என்று நினைக்கிற வழி" என்றார். 2017-இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். விடை முன்பே தெரிந்த 25 பாதைகள் கொண்ட ஒரு செயற்கை மூளைத் தரவை 20 ஆராய்ச்சிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். உண்மையான பாதைகளில் பெரும்பாலானவற்றை ஓரளவுக்காவது கண்டுபிடித்தார்கள். ஆனால் அவற்றைவிட அதிக எண்ணிக்கையில் இல்லாத பாதைகளையும் வரைந்துவிட்டார்கள். மருத்துவமனை வரவேற்பறைகளில் தொங்கும் அந்தப் பட்டுக் குஞ்சங்களில் எந்த நூல் அசல், எந்த நூல் கணினி இழுத்தது என்று சொல்ல ஒரு அடையாளமும் கிடையாது.

அலுவலகத்தில் இதைப் பேசினேன். இட்டு நிரப்பிய பகுதிகளை வேறு நிறத்திலோ, கோடு போட்டோ காட்ட வேண்டும், அளந்தது எவ்வளவு என்று படத்தின் ஓரத்தில் எழுத வேண்டும் என்றேன். என் மேலாளர் கெட்டவர் அல்லர், நிதானமாகவே மறுத்தார். மருத்துவர்கள் முடிவெடுப்பது கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துத்தான், முப்பரிமாணம் நோயாளிக்குக் காட்டத்தானே, அங்கே ஒட்டும் கோடுமாக இருந்தால் பயந்துவிட மாட்டார்களா என்றார். அவர் வாதத்தின் முதல் பாதி சரி, அந்த ஜன்னலோரத்தில் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மருத்துவருக்கு அசல் தெரியும், அதனால் அலங்காரம் அவரை ஏமாற்றாது. நோயாளிக்குக் கிடைப்பது அலங்காரம் மட்டும். அந்தத் தலையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர் அவர்தான். என் தகப்பன் இரண்டு நாள் விரல் வீங்க வலை பின்னியதைச் சொன்னேன். கூட்டத்தில் சொல்லக்கூடிய விஷயம் அல்லதான், குரல் உடைந்துவிட்டது. கடைசியில் ஒரு பொத்தான் வைக்க ஒப்புக்கொண்டார்கள். அழுத்தினால் நிரப்பிய இடங்கள் நீலமாகும். நீல நிறத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பொத்தான் இப்போது அணைந்த நிலையில்தான் வருகிறது, யாராவது தேடிப் போய் அழுத்த வேண்டும். அதை ஏற்றி வைத்த நிலையில் வர வைப்பதற்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நைனாவின் கை பெரும்பாலும் திரும்பிவிட்டது. பேச்சு தெளிந்துவிட்டது. பெரிய கண் வலைகளைப் பழையபடி முடிக்கிறார், நெத்திலி வலை போன்ற சின்னக் கண்களுக்கு நேரம் பிடிக்கிறது. இந்த வருடத் தொடக்கத்தில் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தோம். என்னிடம் படம் போட்டுக் காட்டச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் உறையிலிருந்து பிலிமை அவரே உருவி, வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்தித் தேடினார். கண்டுபிடித்துவிட்டார். முன்பு வெள்ளையாக ஒளிர்ந்த இடத்தில் இப்போது ஒரு கறுப்புப் புள்ளி. செத்த திசு கரைந்து, அந்த இடத்தில் நீர் கட்டி நிற்கிறது.

"இது அடையாது இல்லையா?"

"அடையாது, நைனா."

"பிறகு கை எப்படி வந்தது?"

"பக்கத்தில் மிச்சமிருக்கும் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை எடுத்துக்கொள்கின்றன என்கிறார்கள்."

இன்னும் ஒரு தடவை பிலிமைத் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் என்ன அது என்று எட்டிப் பார்க்க, "என் மூளை. இதோ, இங்கே ஒரு ஓட்டை" என்று அவருக்கும் காட்டினார். பிறகு ஓரம் மடங்காமல் உறைக்குள் செருகி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார்.